மதில்குன்று வாசல்காரன்

இது நடந்தது. பொழுது போகாத யாரோ கட்டிவிட்டது என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால், 1930களில் சின்னையா என்று ஒருவர் இருந்தார். அவர் அறைக்குக் கதவு கிடையாது. குடிவந்த அன்றே கழற்றி அடுப்புக்குக் கொடுத்துவிட்டார். மழை உள்ளே அடித்தது, தெரு நாய் வந்து படுத்தது, திருடன் வந்து சோற்றுப் பானையைக்கூடத் தூக்கிக்கொண்டு போனான். கதவு மட்டும் போட மாட்டேன் என்றார். பைத்தியம் என்று பேசிக்கொண்டார்கள். பைத்தியம் இல்லை. ஏன் என்று பொறுமையாக உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அவர் சொன்னதுதான் இது. எப்போது கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொன்னார்.

1926. கிள்ளானுக்குச் சில மைல் மேலே, ஆற்றங்கரையில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே கங்காணி சபாபதி வைத்ததுதான் சட்டம். ஆள் பிடித்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர் அவர். பிடித்ததில் பாதிப் பேர் அவருடைய ஊர்க்காரர்கள். திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் மதில்குன்று.

மதில்குன்று என்றால் சும்மா இல்லை. மலை உச்சியில் ஊர். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு குறுநில மன்னனின் கோட்டை. பாறையில் வெட்டிய படி, பாறையில் வெட்டிய சுனை, உச்சியில் கல் வாசல். மற்றபடி எல்லாம் இடிபாடு. பாதிச் சுவர்கள், கருகிப்போன தூண்கள், கூரையில்லாத மண்டபம். சபாபதி அதையெல்லாம் தானே கல் சுமந்து கட்டியதுபோல் பேசுவார். கள்ளுக்கடையில் வேற்றூர்க்காரன் வாய் திறந்தால் போதும். "எங்க ஊருக் கல்லுக்கு இருக்கிற வயசு உங்க ஊருச் சாமிக்கு இல்லடா" என்று அடக்கிவிடுவார். இங்கே பால்மரத்தைச் சீவி வயிறு கழுவுகிற கூட்டத்துக்கு அந்தப் பேச்சு தேவைப்பட்டது. அதுதான் வேதனை.

அந்தக் கல் வாசலுக்கு ஒரு கதை உண்டு. எதிரிப் படை மலையைச் சுற்றி வளைத்திருந்த நேரம். வாசலைக் காத்தவனின் பெண்டாட்டி தண்ணீர் எடுக்கக் கீழே சுனைக்கு இறங்கினாள். அவள் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்து வாசலை அடைத்துவிட்டார்கள். அவள் வந்து கூப்பிட்டாள். அவள் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு எதிரிகள் பின்னால் நிற்பார்கள், அது சூது என்று உள்ளே முடிவு செய்தார்கள். அவன் திறக்கவில்லை. அவள் குரல் காதில் விழாமல் இருக்க விடிய விடியக் கொட்டு அடித்தார்கள். காலையில் அவள் வாசலில் செத்துக் கிடந்தாள். கோட்டை பிழைத்தது. இதுதான் கதை.

வாசல்காரனுக்குக் கல் நட்டார்கள். கையில் வாளோடு நிற்கிறான். அவளுக்குக் கல் இல்லை. அவள் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

வருஷா வருஷம் மார்கழியில் அதற்கு ஒரு திருவிழா. ஓர் ஆள் வாசல்காரனாக உட்காருவான். அவன் பெண்டாட்டி வெளியே நின்று கூப்பிடுவாள். அன்று விடிந்ததிலிருந்து அவள் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது. மதியம் தனியாகப் போய் ஆற்றில் முழுகி, ஈர மஞ்சள் சேலையும் வேப்பிலைக் காப்புமாக ஒதுக்கமாக இருந்து, பொழுது சாய்ந்ததும் வாசலுக்கு வர வேண்டும். மூன்று முறை கூப்பிட்டுவிட்டுப் போய்விட வேண்டும். ஆம்பிளைகள் உள்ளே விடியும்வரை கொட்டு அடிப்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் கீழே வீட்டோடு இருப்பார்கள். விடிந்ததும் வாசலைத் திறந்து, திரும்பி வந்து காத்திருக்கும் அவள்மேல் பூப் போட்டு உள்ளே அழைப்பார்கள்.

இதையும் சபாபதி மூட்டை முடிச்சோடு கப்பலில் கொண்டுவந்துவிட்டார். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த குன்றின்மேல் பலகையும் தகரமும் வைத்து ஆள் உயரத்துக்கு மேல் அடைப்பு. நடுவில் ஒரு கல். முன்னால் காட்டு மரத்தில் செய்த கனத்த இரட்டைக் கதவு. குறுக்கே ஓர் உழலைக் கட்டை. லயம் கீழே, ஆற்றை ஒட்டிய பள்ளத்தில்.

அந்த வருஷம் வாசல்காரன் சின்னையா.

சின்னையாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரிய வேண்டும். ஊரில் அவருடைய சனம் மலைக்குக் கீழே குடியிருந்தது. அந்தக் கல் வாசலுக்குள் அவர் அப்பன் கால் வைத்ததில்லை, பாட்டன் கால் வைத்ததில்லை. இங்கே ஆள் குறைச்சல். முறைக்கு ஆள் போதாமல் போகவே சபாபதி, "சரி, நீயே உக்காரு" என்றார். போனால் போகிறது என்று போட்ட பிச்சை அது. சின்னையா அதைக் கிரீடமாக வாங்கிக்கொண்டார்.

அவர் பெண்டாட்டி பவுனம்மாள் அப்படி வாங்கிக்கொள்ளவில்லை. முந்தின ராத்திரி, ஆறு வயது மகள் நல்லம்மாள் தூங்கிய பிறகு, புருஷனிடம் கேட்டாள்.

"நாலு நாளா மழ ஊத்துது. ஆறு மண்ணுக் கலரா போவுது. அடுத்த மாசம் வெச்சுக்கிட்டா என்னங்க?"

"சாமி காரியத்த மழைக்காகத் தள்ளி வெப்பாங்களா?"

"சாமியா அது? பொண்டாட்டிக்குக் கதவத் தொறக்காத ஆளு."

"வாய மூடு."

அவள் சிரித்தாள். "நாளைக்கு நான் கத்துறதுதானே உங்க மரியாத? இப்ப வாய மூடச் சொல்றீங்க."

அதுதான் அவர் கடைசியாகப் பார்த்த சிரிப்பு. விடிவதற்கு முன்னாலேயே எழுந்து, மகளைப் பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லியிடம் விட்டுவிட்டு, அவள் முறைப்படி ஒதுங்கிப் போய்விட்டாள்.

மாலை ஆறு மணி. மழை விடவில்லை. இருபது ஆம்பிளைகள் உள்ளே. சபாபதி கையாலேயே உழலைக் கட்டையைப் போட்டார். கதவில் முதுகைச் சாய்த்துச் சின்னையா உட்கார்ந்தார். விடியும்வரை அந்த முதுகு கதவை விட்டு நகரக் கூடாது. உறுமியை எடுத்தவன் நாகையா, புஷ்பவல்லியின் புருஷன். தகர அடைப்புக்கு வெளியே என்ன நடக்கிறது என்று உள்ளே யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்றுதானே அடைத்தார்கள்.

முதல் கூப்பாடு வந்தது.

"வாசக்காரரே... நான் வந்துட்டேன். கதவத் தொறங்க."

பவுனம்மாள்தான். கொட்டு எழுந்தது. சபாபதி தலையாட்டினார்.

இரண்டாவது. மூன்றாவது. முறைப்படி எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான் சின்னையாவுக்கு உறுத்தியது. பவுனம்மாள் நல்ல உயரம். நின்று கூப்பிட்டால் குரல் தலைக்கு மேலே கேட்க வேண்டும். அது கீழே இருந்து வந்தது. அவருடைய இடுப்புக்குப் பக்கத்தில்... தரையோடு தரையாக.

மழைக்கு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

எட்டு மணி. தோட்டத்து ஆபீசில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரவுக் காவல்காரன் அடித்தான். மழையிலும் தெளிவாகக் கேட்டது. எட்டு அடி.

கொட்டு மும்முரமாக இருந்தது. பக்கத்தில் இருப்பவன் பேசினாலும் கேட்காது. அப்போது முதுகுக்குப் பின்னால்...

"என்னங்க."

சின்னையா திடுக்கிட்டார். முறை முடிந்துவிட்டது. நாலாவது கூப்பாடு கிடையாது. அதுவும் முறைச் சொல் இல்லை. வீட்டில் அடுப்படியிலிருந்து கூப்பிடுவது போலச் சாதாரணமாக. உரக்கக்கூட இல்லை. அத்தனை கொட்டுக்கும் அடியில் அது மட்டும் தனியாகக் கேட்டது.

"என்னங்க... தண்ணி ஏறுது."

அவர் நாகையாவைப் பார்த்தார். நாகையா கண்ணை மூடி உறுமியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

"கங்காணி! இன்னும் கூப்பிடுறா."

சபாபதி குனிந்தார். "என்னா சொல்றா?"

"தண்ணி ஏறுதாம்."

சபாபதி முகம் மலர்ந்தது. "அந்தக் காலத்துலயும் மூணோட நிக்கலடா. ராத்திரி முழுக்கக் கெஞ்சினா. இவ நல்லாத்தான் செய்யுறா. அசையாத."

ஒன்பது ஆகியிருக்கும். சபாபதி தன் கடிகாரத்தை விளக்கில் பார்த்தார். ஆமாம், ஒன்பது தாண்டிவிட்டது.

தண்டவாளத் துண்டு அடிக்கவில்லை.

பத்துக்கும் அடிக்கவில்லை.

சின்னையாவுக்கு இடுப்பு வேட்டி நனைந்தது. தொட்டுப் பார்த்தார். கதவுக்கு அடியில் இருந்த விரற்கடை இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. மழைத் தண்ணீர் என்று கையை மூக்கருகே கொண்டுபோனார்.

ஆற்றுச் சேறு மணத்தது.

குன்றின் உச்சியில்.

"என்னங்க... நல்லு கூரை மேல இருக்கா. புஷ்பவல்லி புடிச்சுக்கிட்டு இருக்கா. ஆள அனுப்புங்க."

இது திருவிழா இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர் கையை இடுக்கில் நீட்டினார்.

விரல்கள்.

அந்தப் பக்கத்திலிருந்து நீண்டு அவர் விரல்களைத் தொட்டன. ஆள்காட்டி விரலில் பால்வெட்டுக் கத்தி பட்ட பழைய தழும்பு. பவுனம்மாளின் கைதான். ஆனால்... அந்தக் குளிர். தோல் ஊறிப்போய்ச் சதையை விட்டுத் தளர்ந்திருந்தது. நாள் பூராவும் தண்ணீரிலேயே கிடந்த கை.

அவர் கத்தினார்.

விளக்கைக் கொண்டுவந்தார்கள். இடுக்கில் ஒன்றும் இல்லை. தண்ணீர் மட்டும்.

சின்னையா எழுந்துவிட்டார். முதுகு கதவை விட்டு வந்துவிட்டது. கை உழலைக் கட்டையில் இருந்தது. கொட்டு நின்றது. இருபது பேரும் அவரையே பார்த்தார்கள்.

சபாபதி கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"தொற. தாராளமா தொற. எழுநூறு வருசத்துல ஒருத்தன் தொறந்ததில்ல. கீழ ஊரு ஆளக் கொண்டாந்து உக்கார வெச்சா இப்படித்தான்னு சொல்லிட்டுப் போறோம்."

மழை மட்டும் கேட்டது.

சின்னையாவின் கை கட்டையில் இருந்தது. அவரே சொல்வார், அந்தக் கட்டை கனமே இல்லை என்று. ஒரு கையால் தூக்கிவிடலாம்.

கையை எடுத்தார்.

உட்கார்ந்தார்.

கொட்டு மறுபடியும் எழுந்தது. முன்னைவிடப் பலமாக.

பிறகு, முதுகுக்குப் பின்னால், மிகப் பக்கத்தில்...

"சரிங்க."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் கூப்பிடவே இல்லை.

விடிந்தது. பூத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சபாபதி கதவைத் திறக்கச் சொன்னார். வெளியே பவுனம்மாள் இல்லை. வாசற்படியில் சேறு. அந்தச் சேற்றில் ஒரு கெண்டைக் குஞ்சு துடித்துக்கொண்டிருந்தது.

பிறகுதான் கீழே பார்த்தார்கள்.

லயம் இல்லை. ஆபீஸ் இல்லை. ரப்பர் மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. மற்றதெல்லாம் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. குன்றின் பாதிவரைகூட வெள்ளம் வரவில்லை. உச்சிக்குத் தண்ணீர் வர வழியே இல்லை. நாகையா உறுமியைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டே இறங்கினான். புஷ்பவல்லி ஒரு மரக்கிளையில் கிடைத்தாள். அவளுக்குப் பேச்சு வரவில்லை. கீழே இருந்த பெண்களில், பிள்ளைகளில் பாதிப் பேர் போய்விட்டார்கள். நல்லம்மாளும் போய்விட்டாள். பவுனம்மாள் உடம்பு கிடைக்கவில்லை.

வெள்ளம் வடிந்து பல வாரம் கழித்துச் சின்னையா கிள்ளானுக்கு நடந்தார். பெண்டாட்டி உடம்பாவது ஒதுங்கியதா என்று படகுத்துறையில் விசாரித்தார். சந்தைப் பக்கம் கடை வைத்திருந்த நஜ்முதீனிடம் போகச் சொன்னார்கள். நாகூர்ப் பக்கத்து மனிதர். நிதானமாகக் கேட்டார்.

"மஞ்சச் சேலையா தம்பி? கையில வேப்பெல காப்பு?"

"ஆமா பாய்."

"ஆள்காட்டி விரல்ல ஒரு தழும்பு?"

சின்னையா தலையாட்டினார். நஜ்முதீன் அவரை உட்கார வைத்தார். "சம்பான் படகுக்காரங்க தூக்கிக் கரையில போட்டாங்க. நம்ம தமிழ்ப் பொண்ணாச்சேன்னு நான்தான் ஆளக் கூப்பிட்டு உங்க முறைப்படி அடக்கம் பண்ணச் சொன்னேன். காலையிலயோ மத்தியானமோ ஆத்துல வழுக்கியிருப்பா தம்பி. உடம்பு ஊறிப்போச்சு."

"என்னைக்கு பாய்?"

"பெரிய வெள்ளத்துக்கு முந்தின நாளு. நல்லா ஞாபகம் இருக்கு. அஸர் தொழுதுட்டு வெளிய வர்றோம், அப்பதான் தூக்குறாங்க. வெளிச்சம் நல்லா இருந்துச்சு."

அஸர் தொழுகை என்றால் சாயங்காலம் ஐந்துக்கு முன்னால். சபாபதி கதவை அடைத்தது ஆறு மணிக்கு.

சின்னையா திரும்பி வந்து இதைச் சபாபதியிடம் சொன்னார். அழுவார், காலில் விழுவார் என்று எதிர்பார்த்திருக்கலாம். சபாபதி நெஞ்சில் கையை வைத்து நிம்மதியாக மூச்சு விட்டார். "அப்ப வந்தது பேயிடா! பேய்க்குக் கதவு தொறக்காம நின்ன பாரு, நீதான்டா மதில்குன்று ஆளு" என்றார். அடுத்த மாதமே குன்றின்மேல் இன்னொரு கல் நட்டார். அதில் சின்னையாவின் பெயரை வெட்டினார். இருபது பேருக்கும் அது வசதியாக இருந்தது. தங்கள் பிள்ளைகள் செத்ததற்கும் ஒரு பெருமை கிடைத்துவிட்டது அல்லவா? இந்தச் சாதி சனத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சின்னையா ஒரு ராத்திரி கடப்பாரையோடு போய் அந்தக் கல்லை உடைத்தார். அதோடு தோட்டத்தை விட்டுப் போய்விட்டார். பிரிக்பீல்ட்ஸில் ரயில்பாதை வேலை கிடைத்தது.

புஷ்பவல்லி புருஷனை விட்டுவிட்டு ரவாங்கில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அவளுக்குப் பேச்சு திரும்பிவிட்டது என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். அவள் திட்டவில்லை. தண்ணீர் கொடுத்தாள்.

"நல்லு எப்பம்மா போனா?"

"விடியப்போற நேரம் அண்ணே. அதுவரைக்கும் கூரை தாங்குச்சு. ராத்திரி முழுக்க என் கழுத்தக் கட்டிக்கிட்டுத்தான் இருந்தா. உங்க கொட்டுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அது நின்னா கூப்பிடலாம்னு இருந்தோம். ஒரு தடவ நின்னுச்சு. எல்லாரும் சேந்து கூப்பிட்டோம். அப்பறம் முன்னவிடப் பலமா அடிக்க ஆரம்பிச்சிட்டீங்க."

சின்னையா அவளுக்குப் பவுனம்மாள் குரலைப் பற்றிச் சொன்னார். நஜ்முதீன் சொன்னதையும் சொன்னார். புஷ்பவல்லி ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"செத்தவதான் வருவா அண்ணே. மொதத் தடவையும் செத்தவதான் வந்தா."

"என்னம்மா சொல்ற?"

"எங்க ஊருப் பொம்பளைங்க நாத்து நடும்போது அந்தக் கதையச் சொல்லுவாங்க. ஆம்பளைங்க யாரும் கேட்டதில்ல. வாசக்காரன் பொண்டாட்டிய எதிரிக்காரன் பகல்லயே சுனைகிட்ட வெட்டிட்டான். செத்தவ ராத்திரி வந்து கூப்பிட்டா. பின்பக்கமா ஏறுறாங்க, புள்ளைங்கள எழுப்புங்கன்னு சொல்லத்தான் வந்தா. இவங்க கொட்டு அடிச்சாங்க."

"கோட்டை பொழச்சுதே?"

புஷ்பவல்லி அவரை நேராகப் பார்த்தாள்.

"பொழச்சிருந்தா, மேல இருக்கிற தூணெல்லாம் ஏன் அண்ணே கருகிக் கெடக்கு?"

அன்று பிரிக்பீல்ட்ஸ் திரும்பியதும்தான் சின்னையா வேறு அறை பார்த்துக் கதவைக் கழற்றினார். மார்கழி மழை வந்தால் அவர் தூங்க மாட்டார். வாசலில் விளக்கை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். "தொறந்துதான் இருக்கு, வா" என்று இருட்டைப் பார்த்துச் சொல்வதை அக்கம்பக்கத்தார் கேட்டிருக்கிறார்கள். சாகும்வரை ஒவ்வொரு மார்கழியும் அப்படியே உட்கார்ந்தார்.

அவரை யாரும் கூப்பிடவில்லை.